மின்னல் ரயில் ஓடும் நாட்டில் ஆளில்லாத வயல்கள்!

டோக்கியோ நகரின் நிஹோன்பாஷி பகுதியில் 'செம்பிகியா' என்று ஒரு பழக்கடை இருக்கிறது. 1834-ம் ஆண்டில் தொடங்கிய கடை. உள்ளே நுழைந்தால் நகைக்கடையில் நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு பழமும் தனித்தனி பெட்டியில், துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு முலாம்பழத்தின் விலை 20 ஆயிரம் யென்னைத் தாண்டும். ஒரு யென் நம் காசில் ஏறத்தாழ 60 பைசா. கணக்குப் போட்டால், ஒரே ஒரு பழம் சுமார் 12 ஆயிரம் ரூபாய்!

இதை யார் வாங்கித் தின்பார்கள் என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் வாங்குபவர் தின்பதில்லை. மேலதிகாரிக்கு, நோயாளிக்கு, உதவி செய்தவருக்கு என்று கொடுக்கும் பரிசுதான் இந்தப் பழம். ஷிசுவோகா மாவட்டத்தின் கண்ணாடிக் குடில்களில் இதை வளர்க்கிறார்கள். ஒரு கொடியில் பிடிக்கும் பிஞ்சுகளில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். கொடியின் சத்து மொத்தமும் அந்த ஒரே காய்க்குப் போகும். ஒரு கொடிக்கு ஒரு காய். அதனால்தான் அந்த விலை.

அதே ஜப்பானில், 2021, 2022 ஆண்டுகளுக்கான வேளாண் அமைச்சகத்தின் கணக்கு ஒன்று ஊரெல்லாம் பேசப்பட்டது. சராசரி நெல் பண்ணையின் வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால், விவசாயிக்கு மணிக்குக் கிடைத்தது வெறும் 10 யென். அதாவது 6 ரூபாய்.

12 ஆயிரம் ரூபாய் முலாம்பழமும், 6 ரூபாய் கூலியும் ஒரே நாட்டில் எப்படி இருக்க முடியும்? ஜப்பானின் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு ஒரு சுற்று போய் வந்தால்தான் இது புரியும்.

கட்டடக் காட்டுக்குள் முட்டைக்கோஸ் வயல்

டோக்கியோவையும் அதை ஒட்டிய நகரங்களையும் சேர்த்தால் 3 கோடியே 70 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி. ஷின்ஜுகு என்ற ஒரே ஒரு ரயில் நிலையத்தை நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துகிறார்கள். காலை நேரத்தில் அங்கே நின்று பார்த்தால் மனிதர்கள் நடப்பதுபோல் தெரியாது. மதகு திறந்த வாய்க்கால் போல ஓடுவார்கள். ஆனால் சத்தம் இருக்காது. முட்டல், மோதல், கூச்சல் எதுவும் கிடையாது. வரிசை, வரிசை, எங்கும் வரிசைதான்.

இந்த நகரத்துக்குச் சோறு போடும் மண்டிகளும் அப்படித்தான். தொயோசு சந்தையில் அதிகாலையிலேயே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. சுகிஜியில் இருந்த பழைய சந்தையை 2018 அக்டோபரில் இங்கே மாற்றினார்கள். வெளியாட்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கலாம். காய்கறி, பழம், பூவுக்கு ஓட்டா சந்தை. அங்கே வந்து இறங்கும் வெள்ளரிக்காய் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். அத்தனையும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒன்றுகூட வளைந்திருக்காது. வளைந்தது, வடுப்பட்டது எல்லாம் ஊரிலேயே கழிக்கப்பட்டுவிடும். அவை 'ஒரு குறை உள்ள சரக்கு' என்ற பெயரில் மலிவு விலைக்குப் போகும். ருசியில் குறையே இருக்காது. நகரத்துக்காரர் கண்ணால் சாப்பிடுகிறார். அதற்கான செலவு விவசாயி தலையில் விழுகிறது.

டோக்கியோவிலேயே விவசாயம் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நெரிமா என்ற பகுதியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே முட்டைக்கோஸ் வயல் இருக்கும். ஒரு காலத்தில் நெரிமா முள்ளங்கி நாடறிந்தது. 'கொமாட்சுனா' என்ற கீரைக்குப் பெயர் தந்ததே இப்போது டோக்கியோவுக்குள் இருக்கும் கொமாட்சுகாவா என்ற ஊர்தான். டோக்கியோ 'எடோ' என்று அழைக்கப்பட்ட நாள்களில், சுற்றுவட்டார விவசாயிகள் நகரத்து வீடுகளின் மலக்கழிவை விலை கொடுத்து வாங்கிப் போவார்கள். பதிலுக்குக் காய்கறி கொடுப்பதும் உண்டு. நகரத்தின் கழிவு வயலுக்கு, வயலின் விளைச்சல் நகரத்துக்கு என்று ஒரு சுழற்சி அப்போது இருந்தது.

இன்றைக்கு அந்த வயல்கள் பிழைத்திருப்பது ஒரு சட்டத்தால். '30 ஆண்டுகள் விவசாயம் மட்டுமே செய்வேன்' என்று உறுதி கொடுத்தால், வீட்டுமனைக்கான வரி கிடையாது. விவசாய நிலத்துக்கான வரிதான். 1992-ல் அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் கெடு 2022-ல் முடிந்தது. எல்லாம் மனையாகிவிடும் என்று பயந்தார்கள். பெரும்பாலோர் இன்னும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொண்டார்கள். அந்த வயல்களின் ஓரத்தில் ஒரு சின்ன மர அலமாரி இருக்கும். முள்ளங்கி, தக்காளி, கீரைக்கட்டு வைத்திருக்கும். பக்கத்தில் உண்டியல். 100 யென் நாணயத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்கு ஆள் கிடையாது.

சுரங்கத்துக்கு அப்பால் பனி

டோக்கியோவிலிருந்து நீகாத்தாவுக்கு ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயிலில் சுமார் 2 மணி நேரம். 1964-ல் முதல் புல்லட் ரயில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடியது. நீகாத்தா பாதை பிறகு வந்தது. வழியில் மலையைக் குடைந்து 22 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம். குளிர்காலத்தில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்தப் பக்கம் வெளியே வந்தால் ஆள் உயரத்துக்கு மேல் பனி! சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, பனியாகக் கொட்டிவிடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுப்பது போலத்தான். கேரளப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காற்று. அங்கே மழைக்குப் பதில் பனி.

இந்தப் பனிதான் நீகாத்தாவின் ஏரி, குளம், அணை எல்லாம். வசந்த காலத்தில் பனி உருகி ஓடிவரும் தண்ணீரில்தான் நெல் விளைகிறது. மே மாதம் நடவு, செப்டம்பரில் அறுவடை. ஆண்டுக்கு ஒரே போகம். அதிலும் உவோனுமா பள்ளத்தாக்கில் விளையும் 'கொஷிஹிகாரி' ரகத்துக்கு ஜப்பானில் தனி மவுசு. 1956-ல் பெயர் சூட்டப்பட்ட ரகம் இது. நம் சீரகச் சம்பாவைப் போல உயரமாக வளர்ந்து, காற்றடித்தால் சாய்ந்துவிடும். நோய்க்கும் தாங்காது. இருந்தாலும் ருசிக்காக விடாமல் நடுகிறார்கள். குட்டையான, ஒட்டிக்கொள்ளும் அரிசி. பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வருவதால் ருசி கூடுகிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

சமவெளி வயல்கள் கோடு போட்டதுபோல் இருக்கும். நிலங்களைச் சேர்த்துத் திருத்தி, 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று அளந்து கட்டிய பாத்திகள். நம் கணக்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 சென்ட். ஒரு பக்கம் பாசனம், மறுபக்கம் வடிகால், வண்டி போகப் பாதை. நடவு வயலில் ஆள்கூட்டமே இருக்காது. தட்டுகளில் வளர்த்த நாற்றை இயந்திரத்தில் ஏற்றி, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தட்டு எடுத்துக் கொடுக்க, ஒரு பாத்தி முடிந்துவிடும். நம் டெல்டா விவசாயிகளுக்கு அறிமுகமான குபோட்டா, யான்மார் நடவு இயந்திரங்களின் தாய்வீடு இது.

இந்த இயந்திரங்கள் செய்த ஒரு வேலையைக் கவனிக்க வேண்டும். அவை விவசாயியை வயலிலிருந்து விடுவித்தன. வாரத்தில் 5 நாள் தொழிற்சாலை, சனி ஞாயிறு வயல் என்று ஆனது. 1960-களில் ஆண்கள் நகரத்து வேலைக்குப் போய்விட, தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் அந்த மூன்று உறவுச் சொற்களும் 'சான்' என்று முடியும். அதனால் 'மூன்று சான் விவசாயம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் வரும் தொடர் விடுமுறையில், நம்மூரில் பொங்கலுக்கு வருவதுபோல, நகரத்துப் பிள்ளைகள் ஊருக்கு வந்து நடவுக்கு உதவிவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் தாத்தாவும் பாட்டியும் போய், அம்மாவும் பாட்டியாகிவிட்டார். அடுத்து வர வேண்டிய 'சான்' நகரத்திலேயே தங்கிவிட்டார். சிக்கல் அங்கேதான்.

விவசாயத்தையே முக்கியத் தொழிலாகச் செய்பவர்கள் 2000-ல் 24 லட்சம் பேர். 2024-ல் 11 லட்சம் பேர். அவர்களின் சராசரி வயது 69.2.

மலையடிவாரத்தில் இருக்கும் தோகாமாச்சி வட்டாரத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். படிப்படியாக இறங்கும் வயல்கள் பார்க்க ஓவியம்போல் இருக்கும். ஆனால் நடுநடுவே புல் மண்டிய படிகள். பூட்டிய வீடுகள், பிள்ளைகள் இல்லாத பள்ளிகள். 2000-ம் ஆண்டு முதல் இங்கே மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய கலை விழா நடத்துகிறார்கள். பூட்டிய வீட்டையும் மூடிய பள்ளியையும்தான் கலைக்கூடமாக மாற்றுகிறார்கள். மாட்சுதாய் என்ற இடத்தில் படி வயல்களுக்குள்ளேயே உழுவது, விதைப்பது, நடுவது, அறுப்பது போன்ற உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள். இல்யா கபகோவ், எமிலியா கபகோவ் என்ற கலைஞர்களின் வேலை. அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வயதாகிவிட்டது என்று விவசாயத்தை விட இருந்தவர். உருவங்கள் வந்த பிறகு இன்னும் சில ஆண்டுகள் வயலைத் தொடர்ந்தாராம்.

அரிசி இல்லாத கடைகள்

ஜப்பானியர் ஒருவர் 1962-ல் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இப்போது 50 கிலோ அளவுதான். ரொட்டியும் நூடுல்ஸும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அரிசி மலைபோல் தேங்கியதால், 1970-களின் தொடக்கத்திலிருந்து 'நெல்லைக் குறைத்து நடுங்கள்' என்று அரசே சொல்லி, அதற்குப் பணமும் கொடுத்தது. வயலைச் சும்மா போட்டால் காசு! அல்லது சோயா, கோதுமை, தீவனம் என்று மாற வேண்டும். இந்தத் திட்டம் 2018-ல்தான் பெயரளவில் முடிந்தது. மாற்றுப்பயிருக்கான மானியம் அதன் பிறகும் தொடர்ந்தது. நெல் நடவு செய்யக் கூடாது என்று அரை நூற்றாண்டு பழக்கிய பிறகு, நடவு செய்யும் ஆள் குறைந்துவிட்டார் என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம் என்று அங்கே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

2023 கோடையில் என்றும் இல்லாத வெயில். நீகாத்தா கொஷிஹிகாரியில் நூற்றுக்கு 5 மூட்டைகூட முதல் தரம் தேறவில்லை. வழக்கமாக 70-க்கு மேல் தேறும். அரிசிமணி பால் கட்டியதுபோல் வெளுத்துப் போயிருந்தது. வெப்பம் தாங்கும் 'ஷின்னோசுகே' என்ற புது ரகம் மட்டும் பெருமளவு தாக்குப்பிடித்தது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்று எச்சரிக்கை வெளியானதும், மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். கடைகளில் அலமாரி காலி. 2025-ல் 5 கிலோ பை 4 ஆயிரம் யென்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர், 'நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுக்கிறார்கள்' என்கிற ரீதியில் பேசி வைத்தார். 2025 மே மாதம் பதவியே போய்விட்டது. புதிய அமைச்சர் அரசுக் கிடங்கு அரிசியை 5 கிலோ சுமார் 2 ஆயிரம் யென்னுக்கு விற்க ஏற்பாடு செய்தார். கடை வாசல்களில் நீண்ட வரிசை.

அதற்கு 2 மாதம் முன்பு, மார்ச் 30-ம் தேதி, டோக்கியோவின் பளபளப்பான கடைத்தெருக்களில் சுமார் 30 டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்தன. பின்னால் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். கட்டுப்படியாகும் வருமானத்தை உறுதிசெய் என்பது அவர்கள் கோரிக்கை. விலையேறிவிட்டதே, விவசாயிக்குக் கொண்டாட்டம்தானே என்று நகரத்தில் கேட்டார்கள். உரம், டீசல், இயந்திரம் எல்லாம் விலையேறிய கதையையும், அந்த மணிக்கு 10 யென் கணக்கையும் சொன்னார்கள் விவசாயிகள். கேட்கும்போது நம்மூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருக்கும்.

ஒரு படி வயலுக்கு ஓராண்டு உரிமையாளர்

கீ தீபகற்பத்தின் மலைகளுக்குள், குமானோ நகரத்தைச் சேர்ந்த மருயாமாவில் இருக்கிறது 'ஆயிரம் வயல்'. 1601-ம் ஆண்டுக் கணக்கில் இங்கே 2,240 படி வயல்கள் இருந்திருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் 530 ஆகச் சுருங்கிவிட்டது. ஊர்மக்கள் கூடிக் காடு வெட்டி, கல் அடுக்கி, 1,340 வயல்களை மீட்டார்கள். சில வயல்களில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் பத்தாது. இயந்திரம் இறங்காது. ஆள் எங்கே? 1996 முதல் நகரத்துக்காரர்களை 'உரிமையாளர்' ஆக்கினார்கள். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் ஒரு பகுதி உங்கள் பெயரில். நடவுக்கும் அறுவடைக்கும் குடும்பத்தோடு வரலாம். விளைந்த அரிசியில் பங்கு வரும். தண்ணீர் கட்டுவது, வரப்பு பார்ப்பது எல்லாம் ஊர்க்காரர்கள். நிலம் கைமாறுவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். இந்த முறையை 1992-ல் முதலில் தொடங்கியது ஷிகோகு தீவில் இருக்கும் யுசுஹாரா என்ற மலை ஊர்.

ஃபுகோகாவின் மலை

ஷிகோகு தீவின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட, அங்கே பிறந்த ஒருவரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். மசானபு ஃபுகோகா! 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதியவர். நம்மாழ்வார் மேடைதோறும் சொன்ன பெயர். எஹிமே மாவட்டத்தில் இருக்கும் இயோ என்ற ஊரின் மலைச்சரிவில்தான் அவர் உழாமல், உரமிடாமல், மருந்தடிக்காமல், களையை வேரறுக்காமல் விவசாயம் செய்தார். நெல் அறுக்கும் முன்பே அதற்குள் குளிர்காலத் தானியத்தையும் தீவனப்பயிரையும் தூவுவார். அறுத்த வைக்கோலை நறுக்காமல் அப்படியே வயலில் பரப்பிவிடுவார். விதையைக் களிமண் உருண்டைக்குள் வைத்து வீசுவார்.

அவருடைய தொடக்கம் தோல்வி என்பதை மறந்துவிடக் கூடாது. யோகோஹாமாவில் பயிர்நோய் ஆய்வாளர் வேலையை விட்டு வந்தவர், அப்பாவின் கமலா ஆரஞ்சுத் தோட்டத்தில் கவாத்து செய்வதை ஒரேயடியாக நிறுத்தினார். கிளைகள் பின்னி, பூச்சி ஏறி, நூற்றுக்கணக்கான மரங்கள் செத்தன. மனிதன் பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை விவசாயம் ஆகாது, அது கைவிடல்தான் என்று அவரே பிறகு எழுதினார். இதை மேற்கோள் காட்டாமல் 'சும்மா விட்டால் போதும்' என்று மட்டும் சொல்பவர்கள் இங்கேயும் உண்டு. 1988-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சாந்திநிகேதனின் விஸ்வபாரதி பல்கலைக்கழகம் 'தேசிகோத்தமா' பட்டம் கொடுத்தது. 2008-ல், 95 வயதில் காலமானார். சொந்த நாட்டைவிட வெளியில்தான் அவருக்குப் பேர் அதிகம். அவரைச் சுற்றியிருக்கும் மலைகளில் இன்றும் ஆரஞ்சுதான் விளைகிறது. செங்குத்தான சரிவில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, சின்ன இன்ஜின் வண்டியில் பழக்கூடைகளை இறக்குகிறார்கள். நம் கொல்லிமலை, சிறுமலை விவசாயிகள் பார்க்க வேண்டிய கருவி அது.

இதே எஹிமேயில் இருக்கும் உச்சிகோ என்ற சிற்றூரில் 'கராரி' என்று ஒரு நெடுஞ்சாலைச் சந்தை இருக்கிறது. 1993-ல் தொடங்கிய 'சாலை நிலையம்' என்ற திட்டத்தின்கீழ் நாடெங்கும் 1,200-க்கும் மேற்பட்ட சந்தைகள் இப்படி நடக்கின்றன. லாரி ஓட்டுநர்களும் சுற்றுலா வருபவர்களும் நிறுத்தி இளைப்பாறும் இடத்தில், சுற்றுவட்டார விவசாயிகளின் விளைபொருள் விற்பனை. விலையை விவசாயியே வைக்கிறார். பாக்கெட்டில் அவர் பெயர் ஒட்டியிருக்கும். விற்றதில் ஒரு பங்கு நிலையத்துக்கு. விற்காததை மாலையில் அவரே எடுத்துப் போக வேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கிய நம் உழவர் சந்தைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. ஒரே வித்தியாசம், விவசாயி நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு விற்றது என்ற தகவல் அவர் வீட்டுக்கே போய்விடும். தீர்ந்துவிட்டால் இன்னொரு கூடை பறித்துக் கொண்டுவருவார்.

பொம்மைகள் வாழும் ஊர்

ஷிகோகுவின் நடுவே இயா பள்ளத்தாக்கு. கொடிகளைப் பின்னிக் கட்டிய 45 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஒன்று இங்கே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். இந்த வட்டாரத்து விவசாயத்தை 2018-ல் உலக உணவு, வேளாண்மை அமைப்பு பாரம்பர்ய வேளாண்மையாக அங்கீகரித்தது. காரணம், 40 டிகிரி வரை சாய்ந்த சரிவில், படி வெட்டாமலேயே பாப்பரையும் தினையும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். நிற்கவே கால் வழுக்கும். மண் அரிக்காமல் இருக்க, மலைப்புல்லை அறுத்து, கூம்புபோல் அடுக்கிக் காயவைத்து, வயலில் மூடாக்காகப் போடுகிறார்கள். அப்படியும் கீழே இறங்கும் மண்ணை ஆண்டுதோறும் மேலே இழுத்துவிடுவார்கள். செய்வதெல்லாம் 70, 80 வயதுக்காரர்கள்.

பன்றி, மான், குரங்குத் தொல்லை வேறு. நாடு முழுக்க வனவிலங்குகளால் ஆண்டுக்கு 1,500 கோடி யென்னுக்கு மேல் பயிர்ச்சேதம். மனிதர்கள் குறையக் குறைய விலங்குகள் இறங்கி வருகின்றன. சில ஊர்களில் மின்வேலிக்குள் வயலும் வீடும் மனிதர்களும் இருக்கிறார்கள். வெளியே விலங்குகள் சுதந்திரமாகத் திரிகின்றன.

பள்ளத்தாக்கின் மேல்கோடியில் நகோரோ. பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். வயலில் ஒருவர் குனிந்து களை எடுப்பார். திண்ணையில் பாட்டிகள். கிட்டப் போனால் அத்தனையும் பொம்மை! ஒசாகா நகரத்தில் வாழ்ந்துவிட்டு, வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பிய ஒரு பெண்மணி, விதையைப் பறவைகள் கொத்திப் போவதைத் தடுக்க, அப்பாவின் சாயலில் ஒரு சோளக்கொல்லை பொம்மை செய்து நிறுத்தினார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவர் இறந்தாலோ, ஊரைவிட்டுப் போனாலோ ஒரு பொம்மை. மரச்சட்டம், செய்தித்தாள், பஞ்சு, பழைய துணி. இன்று பொம்மைகள் 300-க்கு அருகில். மனிதர்கள் 30-க்கும் குறைவு. 2012-ல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. கடைசியாகப் படித்தவர்கள் இரண்டே பேர். இப்போது வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பொம்மை ஆசிரியர் பாடம் நடத்துகிறார். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்குள் ஒரு டீக்கடைகூட இல்லை.

இலைக்கும் விலை உண்டு

அதே தொகுஷிமா மாவட்டத்தில் இன்னொரு மலை ஊர், கமிகாட்சு. அங்கேயும் முதியவர்கள்தான் அதிகம். ஆனால் அங்கே காலையில் பாட்டிமார் அவசர அவசரமாக இருப்பார்கள்.

1981 குளிர்காலத்தில் கடும் உறைபனி விழுந்து, ஊரின் ஆரஞ்சு மரங்கள் செத்துப்போயின. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த இளைஞர் தொமோஜி யோகோயிஷி மாற்றுப்பயிர் தேடி அலைந்தார். ஒரு நாள் ஒசாகா உணவகத்தில், தட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த மேப்பிள் இலையை ஒரு இளம்பெண் ஆசையாக எடுத்துக் கைக்குட்டையில் பத்திரப்படுத்துவதைப் பார்த்தார். 'இது எங்கள் ஊர் மலையெல்லாம் கிடக்கிறதே!' என்று பொறி தட்டியது. ஊரில் சொன்னபோது சிரித்தார்கள். இலை காசாவதெல்லாம் பாட்டி கதையில்தான் என்றார்கள். 1986 வாக்கில் நான்கு பெண்களோடு தொடங்கினார். முதலில் விற்கவே இல்லை. எந்த உணவுக்கு எந்த இலை, எந்த அளவு, எந்தப் பருவம் என்பது தெரியாமல் பறித்து அனுப்பினால் யார் வாங்குவார்கள்? விலையுயர்ந்த உணவகங்களில் தன் சொந்தக் காசில் சாப்பிட்டு, சாப்பிட்டு அதைக் கற்றுக்கொண்டு வந்தார்.

இன்று 300-க்கும் மேற்பட்ட வகை இலை, பூ, கிளை. 150 குடும்பங்கள் அளவில் ஈடுபடுகின்றன. காலையில் கணினியிலும் கைக்கணினியிலும் ஆர்டர் வரும். முந்திக்கொண்டு தொட்டவருக்கு அந்த ஆர்டர். பத்து இலை என்றால் பத்தும் ஒரே அளவு, ஒரே நிறம். பூச்சிக்கடி இருக்கக் கூடாது. தான் ஊரில் எத்தனையாவது இடம் என்பதையும் திரையில் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியை முந்த வேண்டும் என்ற போட்டியே பாதி மருந்து என்று ஊரில் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒரு கோடி யென் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இலை எடை இல்லாத சரக்கு, 80 வயதுக் கைக்கும் தாங்கும். ஆலோசகர் அதை யோசித்துத்தான் தொடங்கியிருக்கிறார்.

கமிகாட்சுவில் குப்பை வண்டி வராது. 2003-ல் 'குப்பையே இல்லாத ஊர்' என்று அறிவித்தவர்கள், வீட்டுக் குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்து, அவரவரே கொண்டுபோய் மையத்தில் சேர்க்கிறார்கள். காய்கறிக் கழிவு வீட்டிலேயே உரமாகிறது. ஆனாலும் ஊரின் மக்கள்தொகை 1,500-ஐத் தாண்டவில்லை, குறைந்துகொண்டேதான் போகிறது. இலை வருமானத்தால் பாட்டிகள் நிமிர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் கூட்டமாகத் திரும்பி வந்துவிடவில்லை. வெளியூர் இளைஞர்கள் சிலர் குடியேறியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்த ஊர்களையெல்லாம் பார்க்க நினைப்பவர்கள் மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் போவது நல்லது. வயலில் வேலை நடக்கும். மலை ஊர்களுக்குப் பேருந்து நாளைக்கு இரண்டு, மூன்றுதான். தவறவிட்டால் அன்று அங்கேதான்.

தொகுஷிமாவிலிருந்து ஒசாகாவுக்குப் பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரம். வழியில் அவாஜி தீவு. வெங்காயத்துக்குப் பேர்போன தீவு. அறுத்த வெங்காயத்தைத் தாளோடு கட்டி, சுவரில்லாத கொட்டகைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள். தீவைத் தாண்டினால் 1998-ல் திறந்த அகாஷி தொங்குபாலம். நடுத்தூண்கள் இரண்டுக்கும் இடையே மட்டும் 1,991 மீட்டர்.

பாலம் முடிந்ததும் கோபே, அப்புறம் ஒசாகா. அந்தக் காலத்தில் நாடெங்கும் விளைந்த அரிசி இங்கேதான் வந்து குவியும். தோஜிமா என்ற இடத்தில் 1730-லேயே அரசு அனுமதியோடு நெல் முன்பேர வணிகம் நடந்தது. உலகிலேயே அப்படிப்பட்ட முதல் சந்தை என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அரிசி முன்பேரத்தை ஒசாகாவில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை திரையில். பக்கத்துத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் உணவகங்கள் நிரம்பி வழிகின்றன. வேலை முடிந்து கோட்டு சூட்டோடு வந்து உட்காருகிறவர்கள் முன் மீன் தட்டு வருகிறது. ஓரத்தில் ஒரு சிவந்த மேப்பிள் இலை. யாரோ ஒருவர் அதைக் குச்சியால் தள்ளிவிட்டு மீனை எடுக்கிறார்.